ஏழாவது ஹோல், வலது பக்கம் வேண்டாம்

பழக்கமே இல்லாத ஒரு கோல்ஃப் மைதானத்தில் முதல்முறையாகப் போட்டி ஆடப் போனபோது ஆறு பக்கம் குறிப்பு எழுதிக்கொண்டு போனேன். இரண்டு ராத்திரி உட்கார்ந்து எழுதியது. மூன்று நிறப் பேனா, அம்புக்குறி, படம், எல்லாம் உண்டு. முதல் டீயில், அதாவது ஹோலின் முதல் அடியை அடிக்கும் இடத்தில், என் பெயரைக் கூப்பிட்டதும் பாக்கெட்டிலிருந்து எடுத்துப் பிரித்தேன், கை லேசாக நடுங்கியது, பின்னால் நாலு பேர் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், முதல் வரியில் என்ன எழுதியிருந்தேன் தெரியுமா? "டிரைவர். ஃபேர்வே நடுவில் அடிக்கவும்."

அதாவது, தூரமாக அடிக்கும் பெரிய மட்டையை எடு, டீக்கும் கொடிக்கும் நடுவில் வெட்டிவிட்ட புல்வெளியில் அடி. இதை எழுத எனக்கு இரண்டு ராத்திரி தேவைப்பட்டிருக்கிறது. எழுதாமல் விட்டிருந்தால் மரத்தைக் குறி வைத்தா அடித்திருப்பேன்?

அன்றைக்கு அந்த ஆறு பக்கத்தையும் நான்காவது ஹோலுக்கு மேல் திறக்கவில்லை. ஏட்டுச் சுரைக்காய் என்று சொல்வார்களே, அதேதான். ஆனால் குறிப்பு எழுதும் பழக்கத்தை விடவில்லை. இப்போது ஒரு ஹோலுக்கு ஒரு வரி, மிஞ்சிப்போனால் இரண்டு. என் ஹாண்டிகேப் 19, அதாவது 18 ஹோல் ஆடினால் எனக்குச் சலுகையாக 19 அடி கழித்துக்கொள்ளலாம். என்னைப் போல ஆடுகிறவர்களுக்குக் குறிப்பால் என்ன பயன், அதெல்லாம் புரொஃபஷனல்களுக்குத்தானே என்று ஒரு நண்பன் கேட்டான். நேரெதிர் என்று நினைக்கிறேன். அவர்களிடம் மோசமான இடத்திலிருந்து தப்பித்து வரும் திறமை இருக்கிறது, நம்மிடம் அது இல்லை, அதனால் அந்த இடத்துக்குப் போகாமல் இருப்பது நமக்குத்தான் முக்கியம்.

சரி, எப்படி எழுதுகிறேன் என்று சொல்கிறேன்.

முதலில் எழுத வேண்டியது மைதானத்தைப் பற்றி இல்லை, என்னைப் பற்றி. நோட்டின் அட்டைக்கு உள்பக்கத்தில் என் கிளப்கள், அதாவது மட்டைகள், ஒவ்வொன்றும் அடிக்கும் தூரம் இருக்கும். இதில்தான் எல்லோரும் பொய் சொல்கிறோம். "7 அயர்ன் எவ்வளவு போகும்?" என்று கேட்டால் என்றைக்கோ பின்காற்றில், காய்ந்த தரையில், பந்து எகிறி ஓடிப் போன தூரத்தைச் சொல்வோம். நானும் 155 யார்டு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் ரேஞ்சில் 7 அயர்னில் 20 பந்து அடித்து ஒவ்வொன்றும் எங்கே விழுகிறது என்று எழுதிப் பார்த்தேன். ஓடி நிற்கும் இடம் இல்லை, விழும் இடம், அதாவது கேரி. மிக நன்றாகப் பட்டது 152. சராசரி 138. முதலில் நம்பவே முடியவில்லை, மறுநாள் போய்த் திரும்பவும் எண்ணினேன், 137. அதற்கப்புறம்தான் நான் அடிக்கும் பந்து எல்லாம் ஏன் கொடி நிற்கும் கிரீனுக்கு முன்னால் இருக்கும் பங்கரிலேயே, அந்த மணல் குழியிலேயே, போய் உட்காருகிறது என்பது விளங்கியது.

தூரம் மட்டும் போதாது, பரவலும் வேண்டும். டிரைவரில் 20 பந்து அடித்தால் இடது ஓரத்தில் விழுந்ததற்கும் வலது ஓரத்தில் விழுந்ததற்கும் நடுவில் எத்தனை யார்டு? எனக்கு 60 வருகிறது. இந்த ஒரு எண் தெரிந்த பிறகு ஒரு ஹோலைப் பார்க்கும் கண்ணே மாறிவிட்டது. ஃபேர்வே 32 யார்டு அகலம் என்றால், நடுவைக் குறிவைத்து நன்றாக அடித்தால் நடுவில் போகும் என்பதெல்லாம் இல்லை, இருபது பந்தில் சுமார் பாதி வெளியேதான் போகும். அந்தப் பாதி எங்கே போய் விழும், அங்கே என்ன இருக்கிறது? மைதானக் குறிப்பு என்பது மொத்தமும் இந்தக் கேள்விக்கான பதில்தான்.

அப்புறம் ஸ்கோர்கார்டு. எந்த டீயிலிருந்து ஆடப் போகிறேன், அந்த டீக்கு ஒவ்வொரு ஹோலும் எவ்வளவு நீளம், பார் எவ்வளவு, அதாவது அந்த ஹோலை எத்தனை அடியில் முடிக்க வேண்டும் என்று கணக்கு. கூடவே ஒரு விஷயத்தைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள்: எண்கள் யார்டிலா, மீட்டரிலா? ஒருமுறை கார்டு முழுக்க மீட்டரில் இருந்தது, என் நோட்டும் தலையும் யார்டில் இருந்தன. பார் 3, கார்டில் 135 என்று இருந்தது, ஆகா நம்ம 7 அயர்ன் என்று எடுத்து அருமையாக அடித்தேன், முன் பங்கர். 135 மீட்டர் என்பது கிட்டத்தட்ட 148 யார்டு. 150 மீட்டர் என்றால் 164. ஒரு கிளப்புக்கு மேல் வித்தியாசம். மூன்று ஹோல் இப்படியே ஆடிவிட்டு, கூட ஆடிய பெரியவர் "தம்பி, இங்க மீட்டர்ப்பா" என்று சொன்ன பிறகுதான் தெரிந்தது. அவர் எவ்வளவு நேரமாக அதைக் கவனித்துக்கொண்டிருந்தார் என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

கார்டின் பின்பக்கத்தையும் படிக்க வேண்டும், யாரும் படிப்பதில்லை. உள்ளூர் விதிகள் அங்கேதான் இருக்கும். எந்தப் பக்கம் வெள்ளைக் குச்சி, அதாவது அவுட் ஆஃப் பவுண்ட்ஸ் என்ற ஆட்ட எல்லை, எங்கே டிராப் ஸோன், அதாவது பந்தைக் கையால் போட்டு ஆடும் இடம், தூரம் அளக்கும் கருவிக்கு அனுமதி உண்டா என்பதெல்லாம். தண்ணீர் மாதிரியான இடங்களைச் சுற்றி நட்டிருக்கும் சிவப்புக் குச்சிக்கும் மஞ்சள் குச்சிக்கும் வித்தியாசம் தெரிந்து வைத்துக்கொண்டால் போதும்: சிவப்பென்றால் பந்து எல்லையைக் கடந்த இடத்திலிருந்து பக்கவாட்டில் இரண்டு கிளப் நீளத்துக்குள் டிராப் செய்துகொள்ளலாம், மஞ்சளில் அந்த வசதி கிடையாது, பின்னால்தான் போக வேண்டும். வெள்ளைக்கு எந்தக் கருணையும் இல்லை, ஒரு ஸ்டிரோக், அதாவது ஓர் அடி, அபராதத்தோடு அடித்த இடத்துக்கே திரும்பிப் போக வேண்டும். அதனால் என் நோட்டில் வெள்ளை இருக்கும் பக்கத்துக்கு மட்டும் பெருக்கல் குறி, இரண்டு தடவை.

கார்டில் ஒவ்வொரு ஹோலுக்கும் போட்டிருக்கும் ஸ்டிரோக் இண்டெக்ஸ் எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 1 என்று போட்டிருந்தால் அதுதான் மிகக் கடினமான ஹோல் என்று அர்த்தமில்லை. ஹாண்டிகேப் ஸ்டிரோக்குகளை எந்த வரிசையில் கொடுப்பது என்பதற்கான எண் அது, 18 ஹோலுக்கும் பரவலாக வருகிற மாதிரி பார்த்துத்தான் போடுவார்கள். ஆனால் எனக்கு எங்கே கூடுதல் ஸ்டிரோக் கிடைக்கிறது என்பதைக் குறித்துக்கொள்வேன். 19 என்றால் ஒவ்வொரு ஹோலிலும் ஒன்று, இண்டெக்ஸ் 1 ஹோலில் மட்டும் இரண்டு. அதாவது பார் 4 எல்லாம் எனக்குப் பார் 5. இதை நோட்டில் பெரிய எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டதால் தப்பித்த டபுள் போகிகள், அதாவது பாருக்கு மேல் இரண்டு அடி போன ஹோல்கள், நிறைய.

இதன் பிறகுதான் படம். கூகுள் எர்த்தில் மைதானத்தைத் திறந்து அளக்கும் கருவியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் பொழுது போவதே தெரியாது. டீயிலிருந்து பங்கர் ஆரம்பிக்கும் இடம் வரை ஒரு எண், முடியும் இடம் வரை ஒரு எண். இரண்டும் வேண்டும். முதல் எண் "எதற்குள் நிற்க வேண்டும்" என்று சொல்லும், இரண்டாவது "எதைத் தாண்ட வேண்டும்" என்று சொல்லும். அப்புறம் கிரீனின் ஆழம், முன் விளிம்பிலிருந்து பின் விளிம்பு வரை. 30 யார்டு ஆழமான கிரீனில் கொடி முன்னால் இருப்பதற்கும் பின்னால் இருப்பதற்கும் இரண்டு மூன்று கிளப் வித்தியாசம் வரும், ஆனால் ஃபேர்வேயில் போட்டிருக்கும் 150 குறி பெரும்பாலும் கிரீனின் நடு வரைதான் கணக்கு.

ஒரு உதாரணத்தை முழுசாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எல்லாம் பொதுவாகவே போகும். தலைப்பில் இருக்கும் ஏழாவது ஹோல். 385 யார்டு, பார் 4, வலது பக்கம் திரும்பும் டாக்லெக். திருப்பத்தின் உள்மூலையில் பெரிய பங்கர், டீயிலிருந்து 205இல் ஆரம்பித்து 232இல் முடிகிறது. இடது பக்கம் அடர்த்தியான மரங்கள். பங்கருக்கும் மரத்துக்கும் நடுவில் 32 யார்டு. என் டிரைவர் 200 பறந்து, உருண்டு 218 வரை போகும். அதாவது நான் மிக நன்றாக அடிக்கும் டிரைவர் நேராக அந்தப் பங்கரின் அகலத்துக்குள் வந்து நிற்கும், அந்தப் பங்கரை எனக்காகவே வெட்டி வைத்த மாதிரி. முதல்முறை ஆடியபோது இது எதுவும் தெரியாது. வலது பக்கம் சுருக்குவழி மாதிரி கண்ணுக்குத் தெரியும், திருப்பம் அந்தப் பக்கம்தானே, கொடியும் அந்தப் பக்கம்தான் தெரிகிறது. டிரைவர் அடித்தேன். பங்கர். அங்கிருந்து கிரீனுக்கே போய்விடலாம் என்று ஒரு ஹைப்ரிட் எடுத்தேன், முன்சுவரில் பட்டு என் காலடியிலேயே வந்து விழுந்தது. மீதியைச் சொல்ல வேண்டாம், 8.

வீட்டுக்கு வந்து அளந்தேன். 5 வுட் 170 பறந்து 180 போகும், பங்கருக்கு 25 யார்டு முன்னாலேயே நிற்கும். அந்த இடத்தில் ஃபேர்வே 45 யார்டு அகலம். மிச்சம் 205. அது எப்படியும் என்னால் எட்ட முடியாத தூரம், அதனால் எட்டப் பார்க்கவே வேண்டாம், இன்னொரு 5 வுட் போட்டால் கிரீன் நடுவுக்கு 25 யார்டு முன்னால், அங்கிருந்து கிரீனுக்குத் தூக்கிப்போட ஒரு சின்ன சிப், குழிக்கு உருட்ட இரண்டு பட். ஐந்து. என் கணக்குக்கு அது பார். கிரீனுக்கு வலது பக்கம் தரை சட்டென்று இறங்கி ஒரு ஓடையில் முடிகிறது, சிவப்புக் குச்சி. இடது பக்கம் சமதளமான ரஃப் (வளர்ந்த புல்), அங்கிருந்து கொடி எங்கே இருந்தாலும் சிப் செய்யலாம். ஆக நோட்டில் எழுதியது இவ்வளவுதான்: "5 வுட், தனி மரம் பார்த்து. இன்னொரு 5 வுட். வலது பக்கம் வேண்டாம்." ஒன்றரை மணி நேரம் அளந்ததில் கடைசியில் மிஞ்சிய வரி அது.

படத்தில் தெரியாத விஷயங்களும் உண்டு. பங்கர் எவ்வளவு ஆழம் என்று தெரியாது, மேலிருந்து பார்த்தால் எல்லாம் வெள்ளைத் திட்டுதான். மேடு பள்ளமும் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கர்சரை வைத்தால் கீழே கடல் மட்டத்திலிருந்து உயரம் காட்டும், டீயின் உயரத்தையும் கிரீனின் உயரத்தையும் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். மூன்று அடி இறக்கத்துக்கு ஒரு யார்டு குறைத்துக்கொள், ஏற்றத்துக்குக் கூட்டிக்கொள் என்பது கோல்ஃப் ஆடுகிறவர்களின் வாய்க்கணக்கு. 45 அடி கீழே இருக்கும் பார் 3 என்றால் 15 யார்டு குறைவாக ஆடும், ஒரு கிளப்புக்கும் கொஞ்சம் மேல். இதையெல்லாம் முன்னாலேயே போட்டு வைப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது: லேசர் கருவியில் சரிவைக் கணக்கிட்டுச் சொல்லும் வசதியைப் போட்டியில் பயன்படுத்தக் கூடாது. 2019 விதிகளில் தூரம் அளப்பதற்குப் பொதுவான அனுமதி வந்தது, ஏற்ற இறக்கத்துக்கு வரவில்லை. ஆனால் வீட்டிலிருந்து எழுதிக்கொண்டு வந்ததைப் பார்க்கலாம், அதற்குத் தடையில்லை.

இப்படித் தூரங்களை எழுதிய யார்டேஜ் புத்தகம் என்பது இன்றைக்கு டூரில் ஆடும் புரொஃபஷனல்களின் பின்பாக்கெட்டில் எப்போதும் துருத்திக்கொண்டிருக்கும், ஆனால் இது அப்படியொன்றும் பழைய வழக்கமில்லை. 1961இல் பெபிள் பீச்சில் நடந்த அமெரிக்க அமெச்சூர் போட்டிக்கு முன்னால் டீன் பீமன் என்ற சக ஆட்டக்காரர், நீயும் காலால் அளந்து தூரங்களை எழுதி வைத்துக்கொள்ளேன் என்று ஜாக் நிக்லாஸிடம் சொன்னார். அதுவரை பெரும்பாலானவர்கள் கண்ணளவில்தான் ஆடினார்கள். அதற்கு முன்னாலும் ஜீன் ஆண்ட்ரூஸ் போன்ற ஓரிருவர் எழுதி வைத்து ஆடியிருக்கிறார்கள், ஆனால் பரவவில்லை. நிக்லாஸ் அந்தப் போட்டியை ஜெயித்தார், அந்தப் பழக்கத்தையும் விடவில்லை, மற்றவர்கள் அவரைப் பார்த்துப் பிடித்துக்கொண்டார்கள். எழுபதுகளில் ஆட்டக்காரர்களின் பையைத் தூக்கிவரும் கேடியான ஜார்ஜ் லூகாஸ் என்பவர் மைதானம் மைதானமாக அளந்து புத்தகமாகவே போட்டு விற்க ஆரம்பித்தார் (சினிமாக்காரர் இல்லை, அதே பெயர்தான், வேறு ஆள்).

எனக்குப் பிடித்த விஷயம் என்னவென்றால், இதே நிக்லாஸ், செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்ட் கோர்ஸில் 1970லும் 1978லும் பிரிட்டிஷ் ஓப்பன் ஜெயித்தவர், அந்த மைதானத்தின் ஒவ்வொரு குழியும் அத்துப்படியானவர், 1995 ஓப்பனில் 14ஆவது ஹோலில் 10 அடித்தார். ஹெல் பங்கர். அது அங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாதா? ஸ்கோர் மோசமாகும் நாட்களில் இதை நினைத்துக்கொள்வேன், கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

எங்கே போகக் கூடாது என்று முடிவு செய்துகொண்டு ஆடுவதற்கு மாஸ்டர்ஸ் போட்டி நடக்கும் அகஸ்டா மைதானத்தின் 12ஆவது ஹோலை மிஞ்சி உதாரணம் கிடையாது. 155 யார்டுதான், பார் 3. கிரீன் அகலமாக, ஆனால் ஆழமில்லாமல், குறுக்கே படுத்திருக்கும், முன்னால் ரேஸ் கிரீக் என்ற ஓடை. ஞாயிற்றுக்கிழமை கொடி வலது பக்கம் இருக்கும், அங்கே கொஞ்சம் குறைந்தால் சரிவில் உருண்டு தண்ணீருக்குள். 2016இல் ஜோர்டன் ஸ்பீத் ஒன்பது ஹோல் முடிந்தபோது ஐந்து ஷாட் முன்னிலையில் இருந்தவர், அங்கே இரண்டு பந்தைத் தண்ணீரில் போட்டு 7 எடுத்தார், மாஸ்டர்ஸ் போயே போய்விட்டது. 2019இல் கடைசிக் குழுவில் முன்னிலையில் வந்த ஃபிரான்செஸ்கோ மோலினாரியும் தண்ணீரில் போட்டார். அவரோடு ஆடிய டைகர் வுட்ஸ் கொடியைப் பார்க்கவே இல்லை, இடது பக்கம் கிரீனின் அகலமான பகுதிக்கு அடித்தார், நீளமான பட், பார், கடைசியில் ஜெயித்தவருக்குப் போடும் பச்சைக் கோட்டு அவருக்கு. நேரில் பார்த்தால் அந்த ஷாட்டில் ஒன்றுமே இல்லை, கைதட்டக்கூடத் தோன்றாது.

என் நோட்டில் கிரீனுக்கு நான் போடும் படம் இதே யோசனைதான். ஒரு வட்டம், அதைக் குறுக்கே இரண்டாக வெட்டி, கொடி இருந்தாலும் போகக்கூடாத பாதியைக் கோடு கோடாக அடித்துவிடுவேன். அவ்வளவுதான். காலையில் கொடி இருக்கும் இடங்களைப் போட்டு ஒரு தாள் கொடுப்பார்கள், முன்னாலிருந்து இத்தனை காலடி, பக்கத்திலிருந்து இத்தனை காலடி என்று, அதைப் பார்த்து ஒரு புள்ளி வைத்துக்கொள்வேன். புள்ளி கோடுபோட்ட பாதியில் விழுந்தால் அந்த ஹோலில் கொடியை மறந்துவிட வேண்டியதுதான்.

முடிந்தால் முந்தின நாள் மாலை ஒரு நடை நடந்துவிடுவது நல்லது, நிர்வாகத்தில் கேட்டால் ஆட்டம் முடிந்த நேரத்தில் பெரும்பாலும் அனுமதிப்பார்கள். நான் கிரீனிலிருந்து டீயை நோக்கிப் பின்பக்கமாக நடப்பேன். டீயில் நின்று பார்க்கும்போது மைதானத்தை வடிவமைத்தவர் எதைக் காட்ட நினைக்கிறாரோ அதுதான் தெரியும், பங்கர் பயமுறுத்தும், ஃபேர்வே ஒடுங்கித் தெரியும். கிரீனில் நின்று திரும்பிப் பார்த்தால் அந்த வித்தையெல்லாம் தெரிந்துபோகும். டீயிலிருந்து கிரீனை ஒட்டி இருப்பதாகத் தெரிந்த பங்கர் உண்மையில் 30 யார்டு முன்னால் இருக்கும், நடுவில் தாராளமாக இடம் கிடக்கும். இது எனக்கு எத்தனை தடவை நடந்திருக்கிறது என்று கணக்கில்லை.

கிரீனில் சரிவைப் பார்ப்பதற்கு எனக்குத் தெரிந்த எளிய வழி, மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் வழிந்து போகும் என்று யோசிப்பதுதான். தண்ணீர் எங்கேயோ போய்த்தானே ஆக வேண்டும், கட்டியவர்கள் அதற்கு வழி வைத்திருப்பார்கள், நிறைய கிரீன்கள் பின்னாலிருந்து முன்னால் சரிந்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். மெதுவாக நடந்தால் கண்ணைவிடக் கால் நன்றாகச் சொல்லும். புல்லின் சாய்வையும் பார்க்கலாம்: நம் பக்கத்திலிருந்து பார்க்கும்போது பளபளவென்று இருந்தால் புல் நம்மைவிட்டு அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, பந்து வேகமாக ஓடும். மங்கலாக இருந்தால் எதிர்ச்சாய்வு, கொஞ்சம் அழுத்திப் போட வேண்டும். பெர்முடா வகைப் புல்லில் இது நன்றாகவே தெரியும். ஆனால் போட்டி நாளன்று நடந்தால் கை சும்மா இருக்க வேண்டும். ஸ்டிரோக் பிளே (மொத்த அடிகளை எண்ணும்) போட்டி நாளன்று ரவுண்டுக்கு முன்னால் அந்த மைதானத்தில் பயிற்சி செய்யக் கூடாது, கிரீனில் பந்தை உருட்டியோ புல்லைத் தேய்த்தோ சோதிக்கவும் கூடாது.

கிரீனின் வேகத்தை எண்ணாகச் சொல்வார்கள், 9, 10, 11 என்று. அது ஸ்டிம்ப்மீட்டர் கணக்கு. 1935இல் ஓக்மான்ட்டில் நடந்த யு.எஸ். ஓப்பனைப் பார்க்கப் போன எட்வர்ட் ஸ்டிம்ப்சன், அங்கே பட் செய்த பந்துகள் கிரீனைவிட்டே ஓடுவதைப் பார்த்துவிட்டு, இந்த வேகத்தை அளக்க ஒரு வழி வேண்டும் என்று செய்தது. 36 அங்குலப் பட்டை ஒன்றில் பந்தை வைத்து மெதுவாக உயர்த்தினால் ஒரு கோணத்தில் பந்து தானே உருண்டு இறங்கும், சமதளத்தில் எத்தனை அடி ஓடுகிறதோ அதுதான் எண். நல்ல கருவிதான், ஆனால் "இன்றைக்கு 10" என்று சொன்னால் என் கைக்கு ஒன்றும் புரிவதில்லை. பயிற்சி கிரீனில் பட்டரை வலது பாதம் வரை பின்னால் இழுத்து அடித்தால் எத்தனை காலடி ஓடுகிறது என்று மூன்று தடவை பார்த்து அந்தச் சராசரியை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்வேன். எனக்கு அது போதும்.

கிரீனின் சரிவை அம்பு அம்பாகப் போட்டு விற்கும் புத்தகங்கள் உண்டு. நான் வாங்குவதில்லை. அவற்றுக்கு விதிகளில் கட்டுப்பாடும் வந்துவிட்டது: கிரீன் படம் 1:480 அளவுக்கு மேல் பெரிதாக இருக்கக் கூடாது, புத்தகம் 4¼ அங்குலம் × 7 அங்குலத்துக்குள் அடங்க வேண்டும். 2022இலிருந்து அமெரிக்கப் புரொஃபஷனல்கள் ஆடும் பிஜிஏ டூரில் அதுவும் போய், போட்டியை நடத்தும் குழு அனுமதித்த புத்தகத்தைத் தவிர வேறெதுவும் கூடாது என்ற உள்ளூர் விதி வந்தது. சாதாரணப் போட்டிகளில் நம் கையால் எழுதிய நோட்டுக்குப் பிரச்சினையில்லை, அளவை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். என் பழைய ஆறு பக்கம் ஏ4 தாளில் இருந்தது. யாராவது கவனித்திருந்தால் கிரீன் படத்துக்காகவே அபராதம் வாங்கியிருப்பேன்.

காற்றுக்கு ஒரு சின்ன வேலை செய்கிறேன், இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, கொஞ்சம் பெருமைதான். ஒவ்வொரு ஹோலின் பக்கத்திலும் மேல் மூலையில் வடக்கு எந்தப் பக்கம் என்று சின்ன அம்பு. அன்றைக்குக் காலையில் வானிலையைப் பார்த்துத் தென்மேற்குக் காற்று என்று தெரிந்தால் 18 பக்கத்திலும் காற்றுக்கு ஒரு அம்பு போட்டுவிடலாம், ஐந்து நிமிஷ வேலை. மரங்களுக்கு நடுவில் இருக்கும் டீயில் நின்றால் காற்றே இல்லாத மாதிரி இருக்கும், புல்லைக் கிள்ளிப் போட்டால் நேராகக் காலில் விழும், பந்து மர உச்சியைத் தாண்டியதும்தான் கதை தெரியும். அம்பு இருந்தால் ஏமாற மாட்டோம். வானிலை அறிக்கையை ரவுண்டின்போதுகூடப் பார்க்கலாம், காற்று வேகம் அளக்கும் கருவியை மட்டும் மைதானத்தில் பயன்படுத்தக் கூடாது.

அதே மாதிரி, கூட ஆடுகிறவரிடம் "என்ன கிளப் அடிச்சீங்க" என்று கேட்டால் அபராதம், ஆனால் "அந்த மரத்துக்கு எவ்வளவு தூரம்", "கொடி எங்கே இருக்கு" என்றெல்லாம் தாராளமாகக் கேட்கலாம். அது அறிவுரைக் கணக்கில் வராது. கேடி இருந்தால் எதையும் கேட்கலாம், கேட்க வேண்டும். ஒரு கேடி என் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரி சார், ஆனா பதினாறுல கிரீனுக்குப் பின்னாடி போனா என்ன ஆகும்னு எழுதலையே" என்றார். என்ன ஆகும் என்றேன். "போய்ட்டு வந்து சொல்றவங்க யாரும் இல்ல சார்." அதையும் அப்படியே எழுதிக்கொண்டேன், இன்னும் நோட்டில் இருக்கிறது.

பென்சிலில் எழுதுங்கள். ஜெல் பேனாவில் எழுதி மழையில் நனைந்து ஒன்பது ஹோல் நீல நிறத்தில் கரைந்து போனதைப் பார்த்தவன் சொல்கிறேன். பென்சிலுக்கு இன்னொரு வசதி, ஆடிக்கொண்டே திருத்தலாம். ஒவ்வொரு ஹோல் முடிந்ததும் பந்து எங்கே போய் நின்றது என்று ஒரு புள்ளி மட்டும் வைப்பேன், விளக்கம் எதுவும் எழுதுவதில்லை, அடுத்தவர்களைக் காக்க வைக்கக் கூடாது. நாலைந்து ரவுண்டு சேர்ந்ததும் புள்ளிகளைப் பார்த்தால் நம் குணம் தெரிந்துவிடும். கிரீனைத் தவறவிட்ட ஷாட்களில் பெரும்பாலானவை முன்னால், வலது பக்கம். கிரீனைத் தாண்டிப் போனது அபூர்வம். 155 என்ற பழைய பொய்யை நோட்டில் திருத்திவிட்டேன், ஆனாலும் கை இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறது போல.

போன மாதம் அந்த ஏழாவது ஹோல் மைதானத்துக்கு மறுபடி போனேன். நோட்டு கையில், பக்கம் புரட்டினேன், "5 வுட், தனி மரம் பார்த்து." சரி என்று கிளப்பை எடுத்துக்கொண்டு டீயில் நின்று நிமிர்ந்து பார்த்தால் மரத்தைக் காணோம். இடது பக்கம் முழுக்கப் பார்த்தேன். ஃபேர்வே ஓரத்தில் வெட்டிய அடிமரம் மட்டும் வெளிறிப்போய் நின்றது. நான் பார்த்து அளந்த படம் எத்தனை வருஷப் பழசோ. பின்னால் இருந்த தோட்டக்காரர்களின் கொட்டகைக் கூரை தெரிந்தது, அதைக் குறி வைத்து அடித்தேன், கொஞ்சம் வலது பக்கமாகத்தான் போனது, ஆனால் பங்கருக்கு நன்றாக முன்னால் நின்றுவிட்டது. இன்னொரு 5 வுட் சுமாராகப் பட்டது, சிப் நன்றாக வந்தது, இரண்டு பட். ஐந்து. அடுத்த டீக்கு நடக்கும்போது "தனி மரம்" என்பதை அடித்துவிட்டு மேலே "கொட்டகைக் கூரை, இடது முனை" என்று எழுதினேன்.